மன்னித்துவிடு என்று ஏழு தடவை

கேள்வி: மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுதான் என் ஊர். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு இரும்புக்கடையில் வேலை செய்கிறேன். கல்யாணம் முடித்து மூன்று வருடம், ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். மனைவி என் அத்தை மகள்தான், தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். தீபாவளிக்குக் கடையில் லீவு இல்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு, கூட்டாளிகளோடு நீர்கொழும்புக்குப் போய்விட்டேன். யாரோ போட்ட போட்டோவில் அவள் பார்த்துவிட்டாள். போனில் கேட்டபோது, "கொழுந்து கிள்ளுறவளுக்குக் கொழும்பப் பத்தி என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது, அத்தையும் கேட்டுவிட்டார். மூன்று வாரமாகப் பிள்ளையைப் பற்றியும் காசைப் பற்றியும் மட்டும்தான் பேசுகிறாள்.

ஒரு பாட்டு எழுதினேன். கீபோட் வாசிக்கும் கூட்டாளி மெட்டுப் போட்டு, குரல் நல்லது என்பதால் அவரே பாடினார். மூன்றாவது சரணத்தில் மனைவி மன்னிப்பதுபோல் வரும், அதை அவருடைய குழுவில் பாடும் ஒரு பெண் பாடினார். வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "பாட்டு நல்லாருக்கு. யாருக்கு எழுதினது?" என்று மட்டும் பதில் வந்தது. பாட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கே பிழைத்தது? தைப்பொங்கலுக்குத் தோட்டத்து மைதானத்தில் மேடை போடுவார்கள். அங்கே நானே மைக்கில் பாடி மன்னிப்புக் கேட்கலாமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் மனைவி கோபத்தில் குத்திக் கேட்டதாக எண்ண வேண்டாம். பாட்டைக் கவனமாகக் கேட்ட ஒருவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். பாடிய ஆண்குரல் உங்களுடையதல்ல. பதில் சொன்ன பெண்குரல் அவருடையதல்ல. வரிகளில் நிலா இருக்கிறது, மலர் இருக்கிறது, கடற்கரை இருக்கிறது. அவர் ஏறி இறங்கும் மலை எங்கும் இல்லை, நீங்கள் சொன்ன அந்த ஒரு வாக்கியமும் இல்லை. யாரோ ஒருவன் யாரோ ஒருத்தியிடம் எதற்காகவோ மன்னிப்புக் கேட்கிறான், அவளும் கொடுத்துவிடுகிறாள். அப்படியானால் இது யாருக்கு எழுதியது?

முதலில் மூன்றாவது சரணத்தை அழித்துவிடுங்கள். "தவறை எல்லாம் மறந்துவிட்டேன், தலைவா உன்னை மன்னித்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் மஸ்கெலியாவில் இருக்க, கொழும்பிலேயே எடுத்து மெட்டும் போட்டாயிற்று. நம் நாட்டார் பாட்டில் எசப்பாட்டு என்று ஒன்று இருக்கிறது. ஆண் ஒரு கண்ணி, அதாவது இரண்டடிப் பாட்டு, பாடுவான், பெண் தன் வாயால் பதில் பாடுவாள். அவன் எதிர்பார்த்ததையே அவள் பாட வேண்டும் என்ற கட்டாயம் அதில் கிடையாது. அதனால்தான் கேட்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பதிலையும் தானே எழுதிக்கொண்டு வருகிறவன் எதிரில் இருப்பவரின் கண்ணியைப் பறித்துக்கொள்கிறான். அதுவும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரல் தன் புருஷனை மன்னிப்பதை உங்கள் மனைவி காதால் கேட்டிருக்கிறார். இன்னொரு பாட்டு அனுப்புவதற்கு முன் அதற்காகவே தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

இரண்டாவது பிழை இதைவிட ஆழமானது, காதல் பாட்டு எழுதும் பலரும் இடறுவது அங்கேதான். நீங்கள் ஊடலுக்குப் பாடும் பாட்டை அவமதிப்புக்குப் பாடியிருக்கிறீர்கள்.

வள்ளுவர் காமத்துப்பாலின் கடைசி மூன்று அதிகாரங்களையும், 131 முதல் 133 வரை, இந்த மனத்தாங்கலுக்கே ஒதுக்கினார். அதில் 1306ஆம் குறள் துனியையும் புலவியையும் பிரித்துப் பேசுகிறது. புலவி என்பது இளம் பிணக்கு, துனி என்பது முற்றிய சண்டை. புலவி உப்பைப்போல அளவாக இருந்தால் சுவை, கொஞ்சம் கூடினாலும் கெடுதல் என்கிறது 1302. புலவியில் இருக்கிறவருக்கு உள்ளுக்குள் ஆசை இருக்கும், கொஞ்சம் கெஞ்சட்டுமே என்று. அந்த வேளையில் நிலாவும் வேலை செய்யும், மலரும் வேலை செய்யும். தெரிந்த பொய்யான புகழ்ச்சிகூட இனிக்கும். நாம் கேட்டு வளர்ந்த சமாதானப் பாட்டுகளில் பெரும்பாலானவை இந்த இடத்துக்கு அளந்து செய்தவை.

உங்கள் வீட்டில் நடந்தது புலவி அல்ல. ஒரு மனிதர் செய்யும் தொழிலைச் சொல்லி, அதைச் செய்கிறவளுக்கு அறிவு இருக்காது என்று சொல்லியிருக்கிறீர்கள், அவரைப் பெற்றவர் காது கேட்க. அந்தத் தாயும் அதே மலையில் கூடை சுமந்தவராகத்தான் இருப்பார். அப்படிப் பார்த்தால் ஒரு வாக்கியத்தில் இரண்டு பேரை அடித்திருக்கிறீர்கள். அந்தக் காயத்தின் மேல் "நீதான் என் நிலா" என்று தடவினால் இன்னும் எரியும். தன்னை மதிக்காதவன் தன் அழகைப் பாடுகிறான் என்றுதான் அது காதில் விழும்.

"உலகத்தில் எந்தப் பெண்ணும் உனக்கு ஈடில்லை" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். 1314ஆம் குறளில் தலைவன் இதைத்தான் செய்து மாட்டிக்கொள்கிறான். "யாரினும் காதலம்" என்றான், எவரையும்விட நாம் காதல் மிகுந்தவர்கள் என்ற பொருளில். அவளோ "யாரினும் யாரினும்" என்று, யாரைவிட, யாரைவிட என்று கேட்டு ஊடினாள். ஒப்பிட்டுப் புகழும்போது ஒப்பிடப்பட்ட ஆளும் கூடவே வீட்டுக்குள் வந்துவிடுகிறார். பொய் சொல்லிவிட்டு நீர்கொழும்புக்குப் போனவன் வாயில் அந்த வரி வரவே கூடாது.

இப்போது நீங்கள் செய்த இரண்டு காரியங்களையும் தனித்தனியே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை. லீவு பற்றிச் சொன்ன பொய்யைப் பாட்டில் வைக்காதீர்கள். பொய்க்கு வேண்டியது விவரம்: எந்த நாள் போனீர்கள், யார் யார் கூட வந்தார்கள், எவ்வளவு காசு செலவானது, ஏன் மறைத்தீர்கள். இவற்றை மெட்டில் ஏற்றினால் மழுப்புவதுபோல் இருக்கும். அதைப் பேச்சில், கேட்கிற கேள்விக்கெல்லாம் நேராகப் பதில் சொல்லித்தான் தீர்க்க வேண்டும். அவமதித்த சொல் வேறு விதம். ஒருவரைத் தாழ்த்திய சொல்லுக்கு எதிர்ச்சொல் அவருக்குரிய இடத்தில் அவரை வைத்துப் பேசுவது, அதைப் பாட்டு நன்றாகச் செய்யும். ஆகவே பாட்டுக்கு ஒரே ஒரு குற்றம்தான்: அந்த வாக்கியம்.

மேடை வேண்டாம். ஊரே பார்க்க மைக்கில் கெஞ்சினால் அவர் என்ன செய்ய முடியும்? தலையசைத்தால் மனமில்லாமல் அசைத்ததாகும். அசைக்காவிட்டால் "புருஷன் இவ்வளவு இறங்கி வந்தும் கல்லு மாதிரி நிக்கிறா" என்று கீழே இருக்கும் பணிய லயத்து வீடுகள் வரைக்கும் பேச்சுப் போகும். சொல் எத்தனை காதில் விழுந்ததோ அத்தனை காதுக்குத்தான் மன்னிப்பும் போக வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உங்கள் சொல் இரண்டு பேர் காதில் விழுந்தது. ஒருவருக்குப் பாட்டு. இன்னொருவருக்கு, அத்தைக்கு, பாட்டு வேண்டாம். இஸ்தோப்பில், அந்த முன்திண்ணையில், அவர் முன்னால் உட்கார்ந்து, "அத்தை, நான் அன்னைக்குப் போன்ல சொன்னது தப்பு. அவளையும் உங்களையும் சேர்த்துத்தான் கேவலப்படுத்திட்டேன்" என்று சொல்லுங்கள். இரண்டு வாக்கியம் போதும். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொங்கல்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஊடியவரைத் தெளிவிக்காமல் விடுவது வாடிய வள்ளிக்கொடியின் வேரை அறுப்பது போன்றது என்பது 1304ஆம் குறள். கொடி ஏற்கெனவே மூன்று வாரமாக வாடுகிறது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடைக்கும் விடுமுறை, மலையிலும் வேலை இல்லை. சனி இரவு பஸ் ஏறுங்கள்.

பாட்டுக்கு வருவோம். உங்கள் வரிகளைக் கையில் எடுத்து, சிவப்புப் பேனாவால் ஏவல் சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள். மன்னித்துவிடு, மறந்துவிடு, சிரித்துவிடு, வந்துவிடு, பேசிவிடு. பதினாறு வரியில் பதினொரு ஏவல், அதில் "மன்னித்துவிடு" மட்டும் ஏழு. தமிழில் "விடு" என்று முடித்தால் இயைபு சுலபமாக விழும், அதனால் பாட்டெழுதுகிறவர்களுக்கு அதன்மேல் ஒரு மோகம். கேட்கிறவருக்கோ கட்டளைக்கு மேல் கட்டளை. தப்புச் செய்தது நீங்கள், வேலை முழுவதும் அவருக்கு! திருத்திய பாட்டில் ஏவல் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது.

அடுத்து "ஆனால்" என்ற சொல்லையும் "இருந்தால்" என்ற சொல்லையும் தேடுங்கள். "உன் மனம் நோக நடந்திருந்தால்" என்று ஒரு வரி. நடந்ததா இல்லையா என்று உங்களுக்கே சந்தேகமா? நடந்தது என்று எழுதுங்கள். பிறகு "நான், என், எனக்கு" எத்தனை, "நீ, உன், உனக்கு" எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் பாட்டில் முதலாவது பத்தொன்பது, இரண்டாவது எட்டு. தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை, உயிர் போகிறது என்று எல்லாமே உங்கள் வேதனை. அதைக் கேட்டால் இரக்கம் வரலாம். இரக்கப்பட்டுப் பேசத் தொடங்கியவர் இரக்கம் வற்றியதும் நிறுத்திவிடுவார்.

தோட்டத்துப் பேச்சில் "மன்னிச்சிரு" என்று வீட்டுக்குள் யாரும் அதிகம் சொல்வதில்லை. "மனசுல வச்சுக்காத" என்போம், "தப்பு என் மேலதான்" என்போம். முன்னது மறுபடியும் ஏவல், அவருக்கு வேலை வைக்கிறது. பின்னது ஒப்புக்கொள்வது. உங்கள் பாட்டின் மொழி அந்தப் பின்னதிலிருந்து தொடங்கட்டும், பேச்சுத்தமிழிலேயே. உங்கள் வீட்டில் யாரும் "மலரே" என்று கூப்பிடுவதில்லையே.

பல்லவியை எப்படிக் கட்டுவது என்று ஒரு மாதிரி வைத்துப் பார்ப்போம். முதல் தடவை எழுதும்போது பெரும்பாலும் இப்படி வரும்:

போனுக்குள்ள சொன்ன சொல்லு
தொண்டைக்குள்ள நின்ன முள்ளு

சந்தம் சரி, வரிக்கு எட்டு அசைவு, நாலு தட்டில் இரண்டிரண்டாக உட்காரும். சொல்லு, முள்ளு என்று இயைபும் இருக்கிறது. ஆனாலும் பிழை. முள் யார் தொண்டையில் நிற்கிறது? உங்கள் தொண்டையில். மறுபடியும் உங்கள் வேதனை. முள்ளை அது உண்மையில் தைத்த இடத்துக்கு மாற்றுங்கள்:

போனுக்குள்ள சொன்ன சொல்லு
காதுக்குள்ள தச்ச முள்ளு
போட்டவன்தான் எடுக்க வந்தேன்
வாசல் தாண்டல, நீ சொல்லு

முதல் வரியின் "சொல்லு" பெயர், நீங்கள் சொன்னது. கடைசி வரியின் "சொல்லு" வினை, அவர் சொல்ல வேண்டியது. ஒரே ஒலி, ஆனால் பாட்டு உங்கள் வாயிலிருந்து தொடங்கி அவர் வாயில் போய் நிற்கிறது. அனுமதித்த அந்த ஒரே ஏவலை இங்கேதான் செலவழித்திருக்கிறது. "வாசல் தாண்டல" என்பதையும் கவனியுங்கள். உள்ளே வந்துவிடவில்லை, கூப்பிடும்வரை வெளியே நிற்கிறேன் என்பது இரண்டு சொல்லில் அடங்கிவிட்டது. மூன்றாவது வரியில் அசைவு ஒன்பது. "எடுக்க" என்பதன் முதல் இரண்டு எழுத்தும் குறில் என்பதால் ஒரே தட்டுக்குள் சேர்ந்து ஓடிவிடும். நெடிலாக இருந்தால் இடித்திருக்கும். வரி நீண்டுவிட்டால் குறில் உள்ள சொல்லைத் தேடுங்கள், மெட்டை இழுக்காதீர்கள். ஒன்றாம் வரியும் மூன்றாம் வரியும் "போ" என்று மோனையில் தொடங்குவதால் மனதில் தங்கும்.

சரணத்தில்தான் இந்தப் பாட்டின் கனம் இருக்கிறது. நீங்கள் கேட்டது "என்ன தெரியும்" என்று. சரணம் அதற்குப் பதில். அந்தச் சொல்லையே, "தெரியும்" என்பதையே, வரி முடிவில் நிறுத்தி எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். ஒரு தாளில் உங்கள் மனைவிக்குத் தெரிந்தவை இருபது எழுதுங்கள். பத்து வரைக்கும் சுலபமாக வரும், அவை எல்லாருக்கும் பொதுவானவையாக இருக்கும். பதினைந்துக்குப் பிறகுதான் அவருக்கே உரியவை வரத் தொடங்கும். பனி மூடிய காலையிலும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே என்று விரல் கண்டுபிடிப்பது. எந்தத் தேயிலை நிரையில் அட்டைப்பூச்சி அதிகம், எந்த நிரை கவ்வாத்து வெட்டி முடிந்து துளிர்க்கிறது என்பது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசில் ஏற்றுமுன்னே கூடையின் நிறையைத் தோள் சொல்லிவிடுவது. சம்பளச் சீட்டில் எந்தக் கழிவு புதிதாக முளைத்திருக்கிறது என்று பார்த்தவுடன் பிடிப்பது. பிள்ளை பசிக்கு அழுகிறதா, காய்ச்சலுக்கு அழுகிறதா என்பது. கொழும்பிலிருந்து வரும் குரல் உண்மை பேசுகிறதா என்பதும் அவருக்குத் தெரிந்துதானே இருக்கிறது.

இதிலிருந்து மூன்றை மட்டும் எடுங்கள். ஒன்று மலையில், ஒன்று வீட்டில், ஒன்று உங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது. இப்படிப் போகலாம்:

மூடுபனி நிரையில நின்னு
மொட்டு எதுன்னு உனக்குத் தெரியும்
புள்ளை அழுகை எதுக்குன்னு
பேசும் முன்னே உனக்குத் தெரியும்
என்ன தெரியும்னு கேட்ட எனக்கு
எதுவும் தெரியல, இப்பத் தெரியும்

மூன்றாவது இணையை நான் எழுதவில்லை, எழுதவும் முடியாது. அதுதான் இந்தப் பாட்டின் உயிர். காமன் கூத்து ஆடும் மலையில் வளர்ந்தவர் நீங்கள், மாசி மாதத்தில் கம்பம் ஊன்றுவதிலிருந்து பார்த்திருப்பீர்கள். எரிந்துபோன மன்மதனைத் திருப்பிக் கேட்டு ரதி அழுது மன்றாடியபோது, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி சிவன் அவனைத் தந்தார் என்பது கதை. உங்கள் மூன்றாவது இணையும் அப்படித்தான் இருக்க வேண்டும். பக்கத்துக் காம்பிராவில், லயத்தின் அடுத்த அறையில், இருக்கிறவருக்குக் கேட்டால் ஒன்றும் விளங்கக் கூடாது, அவருக்கு மட்டும் விளங்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அவர் சொன்ன ஒரு சொல்லாக இருக்கலாம், நீங்கள் மறந்துபோய் அவர் நினைவுபடுத்திய ஒரு காரியமாக இருக்கலாம். உங்கள் குடும்ப இரகசியமாக இருந்தாலும் அவரை வெட்கப்படுத்துவதாக இருக்கக் கூடாது. மாதிரி வரிகளை அப்படியே பாடிவிடவும் வேண்டாம். இரவல் சொல்லை அவர் ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டார், மறுபடியும் கண்டுபிடிப்பார்.

இரண்டாவது சரணம் இனி என்ன செய்வீர்கள் என்பதைச் சொல்லலாம். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு மாதத்துக்குள் செய்து காட்டக்கூடியதை மட்டும் எழுதுங்கள். "ஏழேழு பிறவிக்கும்" என்பது பாட்டில் சுலபம். "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை மஸ்கெலியா பஸ்ஸில" என்பது கஷ்டம், ஏனென்றால் அதைப் பிடித்துக்கொண்டு கேட்கலாம். கஷ்டமானதையே எழுதுங்கள். செய்ய முடியாது என்றால் இரண்டாவது சரணமே வேண்டாம், ஒரு சரணத்தோடு நிறுத்துங்கள்.

இப்படி இடமும் பொருளும் பெயர் சொல்லிப் பாடுவது மலையகத்துக்குப் புதிது அல்ல. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை நம் நாட்டார் பாடல்களைத் தொகுத்து வைத்திருக்கிறார். நூலகத்தில் கிடைத்தால் எழுதுவதற்கு முன் ஒரு மணி நேரம் அதோடு இருங்கள். தோட்டத்துச் சொற்கள் பாட்டுக்குள் எவ்வளவு இயல்பாக வந்து உட்காருகின்றன என்று தெரியும்.

மெட்டு. உங்கள் கூட்டாளி போட்டது அழுகை மெட்டு. வரி கெஞ்சாவிட்டாலும் அது கெஞ்சும். முகாரி, சுபபந்துவராளி பக்கம் போகாதீர்கள். காவடிச்சிந்தில் கேட்ட செஞ்சுருட்டியின் சாயலோ, ஊஞ்சல் பாட்டில் கேட்ட ஆனந்தபைரவியின் சாயலோ போதும். இராகம் தெரியாவிட்டாலும் பிரச்சினை இல்லை, பாட்டு முழுவதும் ஐந்து சுரத்துக்குள் அடங்கட்டும், தாலாட்டைப்போல. எந்தக் கட்டையில் பாடுவது என்பதற்கு ஒரு வழி உண்டு. பல்லவியைப் பாடாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் சொல்லிப் பாருங்கள். குரல் எந்தச் சுரத்தில் தங்குகிறதோ அதையே ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே ஏறும் உச்சமான சுரத்தை ஒரே ஒரு இடத்தில் மட்டும் தொடுங்கள், "இப்பத் தெரியும்" என்ற இடத்தில். பல்லவியின் கடைசி "சொல்லு" கீழே இறங்கி முடிய வேண்டும். மேலே ஏறி முடிந்தால் அதட்டிக் கேட்பதுபோல் ஒலிக்கும்.

வேகம் நிமிடத்துக்கு 72 தட்டு. அதைவிட வேகமானால் கொண்டாட்டம், 60க்குக் கீழே போனால் ஒப்பாரி. 72இல் ஒரு வரி சுமார் மூன்றேகால் விநாடி ஓடும். பல்லவி இரண்டு தடவை, சரணம் வரிக்கு வரி மடக்கிப் பாடி, மறுபடி பல்லவி என்று வைத்தால் இரண்டு சரணத்துக்கும் சேர்த்து மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நீங்கள் அனுப்பியது ஐந்து நிமிடம், அதில் ஒன்றரை நிமிடம் கீபோட் மட்டும். கடைசிப் பல்லவி முடிந்ததும் உடனே நிறுத்தாதீர்கள். தாளத்தை மட்டும் இரண்டு ஆவர்த்தனம், எட்டு எட்டாகப் பதினாறு தட்டு, விரலால் தட்டிக்கொண்டே விடுங்கள். மூன்றாவது சரணம் இருந்த இடம் அது. இப்போது அவருக்காகக் காலியாக இருக்கிறது.

கீபோட்டின் தானியங்கித் தாளம் வேண்டாம், பலகையில் விரல் தட்டு போதும். நீங்களே பாடுங்கள். குரல் கட்டை என்று கூட்டாளியிடம் கொடுத்தீர்கள், அங்கேதான் பாட்டு கைமாறிப் போனது. ஊடலைப் பாடும் பழைய மருதப் பாட்டுகளில் தலைவன் தனக்காகப் பேசப் பாடகனான பாணனை அனுப்புவான். தலைவி அந்தத் தூதை மறுப்பாள், அந்தப் பாணனின் இனிய குரலையே அவள் நம்பமாட்டாள். தவறு செய்தவனின் வாயிலிருந்து வந்தால் பிசிறும் சத்தியமாகும். பத்துத் தடவை பாடிப் பழகுங்கள், முப்பது தடவை வேண்டாம். மெருகு ஏறிவிடும்.

நேரில் பாட முடிந்தால் அதற்கு மேல் எதுவும் இல்லை. பிள்ளை தூங்கிய பிறகு, மெதுவாக, பக்கத்துக் காம்பிராவுக்குக் கேட்காத அளவில். கூச்சத்தால் முடியாது என்றால் மட்டும் பதிவு செய்யுங்கள். அறையில் மின்விசிறியை நிறுத்தி, உடுப்புத் தொங்கும் சுவருக்கு எதிரில் உட்காருங்கள், துணி எதிரொலியைக் குடித்துவிடும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள், நேரே வைத்தால் "ப", "போ" என்ற ஒலிகளில் காற்று இடிக்கும். எதிரொலி சேர்க்கும் செயலி எதுவும் வேண்டாம். அனுப்பும் நேரமும் முக்கியம். வேலை நேரத்தில் வந்தால் மலையில் நாலு பேர் நடுவில் திறக்க நேரும். ஒரு முறை ஸ்பீக்கரில் பட்டது போதும். இரவு எட்டு மணிக்குப் பிறகு, "தனியா இருக்கும்போது கேள்" என்ற ஒரு வரியோடு அனுப்புங்கள்.

ஆனால் ஒழுங்கு மாறக் கூடாது. முதலில் அத்தையிடம் சொல்ல வேண்டியது. பிறகு மனைவியிடம் நீர்கொழும்பு பற்றிய முழு உண்மை. அந்தப் பேச்சில் அவர் எவ்வளவு நேரம் எடுத்தாலும் குறுக்கே பேசாதீர்கள். பாட்டு அதற்கும் பிறகு, அன்றைக்கே வேண்டியதில்லை, அடுத்த வாரம் என்றாலும் சரி. உண்மையைச் சொல்லாமல் பாட்டை மட்டும் கொண்டுபோனால், லஞ்சம் கொடுக்க வந்தவன் கையில் பழத்தட்டு இருப்பதுபோல் ஆகிவிடும்.

அனுப்பிய பிறகு நீல நிறக் கோடு விழுந்ததா என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். "கேட்டியா, எப்படி இருக்கு" என்று கேட்காதீர்கள். கேட்டால் பாட்டுக்கு மதிப்பெண் போடச் சொல்கிறீர்கள் என்று ஆகும். திருத்திய பதிப்பு இரண்டாம் தடவை அனுப்பாதீர்கள். கூட்டாளிகளுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள், அது இனி உங்கள் சொத்து அல்ல. பேச்சு வழக்கம்போலப் பிள்ளை, காசு என்றே இருந்தாலும் சலிக்காமல் பேசுங்கள், குரலில் மனத்தாங்கல் காட்டாமல்.

அவர் பதில் பாட்டாக வராது, "மன்னித்தேன்" என்றும் பெரும்பாலும் வராது. ஒரு நாள் இரவு, "வரும்போது புள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிட்டு வாங்க, இங்க குளிரு கூடிருச்சு" என்று வரலாம். அந்தக் காலியான பதினாறு தட்டில் அவர் வைத்த வரி அதுதான். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், பிள்ளையின் அளவு என்ன என்று மட்டும் கேட்டு, ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு சனி இரவு பஸ்ஸைப் பிடியுங்கள்.